ஏ வாங்கின பிள்ளைக்கு எதுக்குக் காலை கிளாஸ்?

வள்ளி மயில் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் புத்தகம் பஸ் பாடத்தில் திறந்திருந்தது.

"மயில் அழகான பறவை. மழை வந்தால் மயில் ஆடும்" என்று நல்ல ஏற்ற இறக்கம். முற்றுப்புள்ளி வர வேண்டிய இடத்தில் சரியாக மூச்சு விடுகிறாள். ஆள்காட்டி விரல் வரியோடு வரியாக நகர்கிறது. நான் வகுப்பறையாக இருந்த கூடார டெண்டின் பின்பக்கத்திலிருந்து மெதுவாக நடந்து வந்து, அந்தக் குரலைக் கேட்டபடியே அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். விரல் ஓடிய பக்கத்தில் ஒரு சிவப்பு பஸ், படியில் தொங்கும் கண்டக்டர், கீழே பஸ்ஸைப் பற்றி நாலு வரி. மயில் அதற்கு இரண்டு தாள் தள்ளி இருந்தது.

இந்த வகுப்பில் யாருமே படிக்கவில்லையோ என்று அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

இந்த மாதிரிக் கட்டுரையெல்லாம் வழக்கமாக ரிட்டயர் ஆனவர்கள் எழுதுவது. எனக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. வீட்டில் கல்யாணப் பேச்சே இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறது. ஆனாலும் மூன்றாம் வகுப்பிலிருந்து நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். டிகிரி இருக்கிறதே என்று ஆறாம் வகுப்புக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். நான் விட்டுப்போன டெண்டுக்கு, அதே கால் ஆடும் நாற்காலிக்கு, நீங்கள் வருகிறீர்கள். பாடம் நடத்துவது எப்படி என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதை நான் தொடவில்லை. பிள்ளைகளின் ரிப்போர்ட் கார்டில் ஓர் எழுத்தைப் போட்டுவிட்டு அதன் பின்னாலேயே ஓட வேண்டியிருந்ததே, அதைப் பற்றித்தான் இது.

மயிலுக்கு வருகிறேன். உங்களுக்கும் இந்த ஜூலையில் புத்தகம் வந்திருக்காது. மெட்ராஸிலிருந்து டில்லிக்கு ரயிலில் வர வேண்டியது. சில வருஷம் ஆகஸ்டில் வரும், சில வருஷம் தசராவும் போய்விடும். அதுவரை சும்மா உட்கார முடியுமா? போன வருஷத்துப் புத்தகம் ஒன்றை டீச்சர் கையில் வைத்துக்கொண்டு ஒரு வரி சொல்வார், பிள்ளைகள் திருப்பிச் சொல்லும். தெருவில் காய்கறித் தள்ளுவண்டியோடு போகிற சப்ஜிவாலாவுக்குக்கூட மயில் பாடம் மனப்பாடம் ஆகியிருக்கும். கடைசியில் புத்தகம் வந்து சேரும்போது அதிலிருப்பது முழுக்கப் பிள்ளைகளின் வாயில் இருக்கும். பிறகென்ன, புத்தகத்தை விரித்து, விரலை வைத்து, ஒப்பிக்க வேண்டியதுதான். எல்லோரும் இதைத்தான் வாசிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, பிள்ளைகள் உட்பட. படிப்பது என்றால் இப்படித்தான் என்று அதுகளும் நம்பின.

ஊரில் என்றால் இந்தக் குட்டு இரண்டு வாரத்தில் வெளிப்பட்டிருக்கும். சினிமா போஸ்டர், கடைப் பலகை, சுவரில் கட்சிக்காரன் எழுதியது என்று எங்கு திரும்பினாலும் தமிழ் எழுத்து கண்ணில் படும். இங்கே பலகையெல்லாம் இந்தி. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து இருக்கிற ஒரே இடம் அந்த ஒரு புத்தகம். அதுவோ ஏற்கெனவே மனப்பாடம்.

அன்றைக்கே கரும்பலகையில் மயில் பாடத்துச் சொற்களையே எடுத்து இடம் மாற்றி எழுதினேன். 'பறவை வந்தால் மழை. ஆடும் மயில் அழகான.' அர்த்தமில்லாத வரிதான். சேர்ந்து படிங்க என்றேன்.

பிள்ளைகள் கரும்பலகையையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தன. கொஞ்ச நேரம் கழித்து முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, மிகுந்த மரியாதையுடன், "டீச்சர், இது பாடத்துல இல்ல" என்றான்.

மதியம் தலைமை ஆசிரியையிடம் ஓடினேன். அவரை எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். சப்பாத்திக்குள் சர்க்கரையைச் சுருட்டிச் சாப்பிட்டபடியே நான் சொன்னதைக் கேட்டார். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை.

தொடக்க வகுப்பில் மார்க் கிடையாது, யாரையும் ஃபெயில் போடக்கூடாது, ஏ, பி, சி என்று எழுத்து போட்டால் போதும் என்று அதற்கு முந்தின வருஷம்தான் பள்ளியில் முடிவாகியிருந்தது. அதில் அதிகம் குதித்தவள் நான்தான். மார்க் பயம் போனால் பிள்ளைகள் சந்தோஷமாகக் கற்கும் என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒரு பிரசங்கமே செய்திருந்தேன். இப்போது கார்டில் 'வாசிப்பு' என்ற கட்டத்தில் உள்ளதை உள்ளபடி போடப்போகிறேன் என்றேன். வகுப்பில் முக்கால்வாசிக்கு சி.

"போட்டா?"

"பேரன்ட்ஸ் வந்து கேட்பாங்க டீச்சர். கேட்கட்டுமே. அப்பத்தான் புத்தகம் ஏன் லேட், பிள்ளைக்கு ஏன் வரலைன்னு ஒரு பேச்சு கிளம்பும்."

அவர் கையைத் தட்டிச் சர்க்கரையை உதறினார். "கேக்க மாட்டாங்கம்மா. முடிவு பண்ணிருவாங்க."

நான் அதைச் சோர்ந்துபோன மனுஷியின் பேச்சு என்று எடுத்துக்கொண்டு, தசரா லீவுக்கு முன்னால் சி போட்ட கார்டுகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பினேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் சர்க்கார் குவார்ட்டர்ஸ்காரர்கள். முதலில் எழுந்தவர் வேங்கடேசன். கோல் மார்க்கெட் பக்கம் வீடு, ஏதோ மந்திரி அலுவலகத்தில் அப்பர் டிவிஷன் கிளார்க். அவர் மகன் ரமேஷுக்கும் சி.

"அம்மா, ஒரு சந்தேகம். 'ஏ'ன்னா எத்தனை மார்க்? சர்க்கார்ல கிரேடுன்னா அதுக்கு ஒரு ஸ்கேல் உண்டு, இன்கிரிமென்ட் உண்டு. இதுக்கு என்ன உண்டு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, ஒரு குழந்தையை எண்ணால் அளக்கக்கூடாது என்று ஆரம்பித்தேன்.

"அளக்க வேண்டாம்மா. பதிமூணு எட்டு எவ்வளவுடான்னு கேட்டா விரலை எண்றான். விரல் தீந்து போச்சுன்னா என் விரலைக் கேக்கறான். வாய்ப்பாடு சொல்லித் தரதில்லையா?"

"புரிஞ்சு கத்துக்கணும் சார். வாய்ப்பாட்டையும் மனப்பாடம் பண்ண வெச்சா..."

"மொதல்ல தெரியட்டும். புரியறது அதுபாட்டுக்குப் புரியும்." அவர் குரல் தணிந்தது. "எனக்கு நாக்பூர் டிரான்ஸ்ஃபர் வரும்போல இருக்கு. அங்க தமிழ்ப் பள்ளிக்கூடம் கிடையாது. பையனை வாசல்ல நிக்க வெச்சு டெஸ்ட் வெப்பான். உங்க எழுத்தை அவன் கண்டுக்க மாட்டான். போன வருஷம் ஏ, இந்த வருஷம் சி. எதை நம்பறது நான்?"

மயில் பக்கத்தையும் பஸ் பக்கத்தையும் பற்றி அவரிடம் சொன்னேன். நம்பாமல், மகனைக் கூப்பிட்டு அங்கேயே சோதித்தார். பையன் பஸ் பக்கத்தில் விரலை வைத்து மயிலை ஒப்பித்ததும் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் முதல் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ரமேஷை உட்கார வைத்து எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தார் என்று பையனே அழுதுகொண்டு வந்து சொன்னான். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். சி வேலை செய்கிறது!

வள்ளியின் அம்மா அஞ்சலை கூட்டத்துக்கு வரவில்லை. வீட்டு வேலை செய்கிறவள், அந்த நேரத்தில் வர முடியாது. வள்ளியின் அப்பா மேம்பாலம் கட்டுகிற இடத்தில் கலவை சுமக்கிறார். இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து குடிசை போட்டவர்கள். மகளை மட்டும் விடாமல் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

இரண்டு நாள் கழித்து டிஃபன் நேரத்தில் அஞ்சலை வந்தாள். புடவைத் தலைப்பால் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே டெண்டு வாசலில் நின்றாள். கையில் கார்டு.

"டீச்சரம்மா, இதை நான் வேலை செய்யற வூட்டு பீபிஜிகிட்ட காட்டுனேன். பாத்துட்டு, 'சி'ன்னா ஃபெயில்தான்னு சொல்லிட்டாங்க."

"ஃபெயில் இல்லை அஞ்சலையம்மா. அப்படிக் கிடையவே கிடையாது."

"போன வருசம் ஏ போட்டாங்க. நான் அஞ்சு வூட்டுலயும் காட்டுனேன். இந்த வருசம் உங்ககிட்ட வந்தா இறங்கிப்போச்சு." சண்டைக்கு வந்த குரலில் அவள் இதைச் சொல்லவில்லை. "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. பக்கத்துப் பங்களாவுல கைக்குழந்தையப் பாத்துக்க ஒரு பொண்ணு கேக்கறாங்க. அங்கேயே சோறு, அங்கேயே படுக்கை. திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும். இவங்க அப்பா, படிப்பு ஏறலைன்னா வுட்டுடலாங்கறாரு. ஏறுதுன்னு நீங்க சொன்னா நான் அவர்கிட்ட மல்லுக்கட்டுவேன். இல்லைன்னா எதை வெச்சுப் பேசுவேன்?"

முடிவு பண்ணிருவாங்க என்று பெரிய டீச்சர் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அனுப்பிய எழுத்து தனியாக அஞ்சலை வீட்டுக்குப் போயிருந்தது. கூடப் போய் விளக்க ஆளில்லை. பங்களாவில் ஒரு அம்மா, பால் காய்கிற நேரத்தில் அதற்கு அர்த்தம் சொல்லிவிட்டார்.

வள்ளி எங்கிருந்தோ ஓடி வந்து அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். என்ன பேச்சு நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் கேட்காமலே பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். விரித்தாள், இந்த முறை சரியான பக்கத்தில். படத்தைப் பார்த்துப் பக்கம் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்பது எனக்குப் புரிந்தது.

"மயில் அழகான பறவை..."

முழுப் பாடமும், ஒரு தடங்கல் இல்லாமல். அஞ்சலையின் முகத்தைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்து, கூடவே அசைந்தது. பாடம் முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"படிக்குதே டீச்சரம்மா! என்னமா படிக்குது! அப்புறம் எதுக்கு சி?"

பலப்பம் என் கையில் இருந்தது. மேஜைமேல் சிலேட்டு இருந்தது. மூன்று சொல்லை இடம் மாற்றி எழுதினால் போதும், உண்மை அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். வள்ளி சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை கைக்குழந்தையோடு பங்களா வாசலில் அவள் நிற்பது என் கண்முன் வந்தது. பலப்பத்தை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். சி-யை அடித்து, பக்கத்தில் ஏ என்று எழுதி, கையெழுத்து வைத்தேன்.

"தப்பா விழுந்திருச்சு அஞ்சலையம்மா. படிச்சுருவா. அனுப்புங்க."

அடித்துத் திருத்திய கார்டு செல்லுமா என்று அவளுக்குச் சந்தேகம். பெரிய டீச்சரிடம் கூட்டிப்போனேன். அவர் கார்டைப் பார்த்தார், வள்ளியைப் பார்த்தார், திருத்தத்தின் மேலேயே பள்ளி முத்திரையை அழுத்தினார். அஞ்சலை அதை ஊதி ஊதிக் காயவைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

பெண்ணைக் காப்பாற்றிவிட்டோம், வாசிப்பை மெல்லச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். அந்த வாரமே திட்டம் தயார். பள்ளி தொடங்குவதற்கு முன்னால், தினமும் காலையில், வாசிப்பில் சி வாங்கிய பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு. டில்லிக் குளிரில் டெண்டுக்குள் பக்கத்து டீக்கடையின் அங்கீட்டிக் கரியடுப்புப் புகை வந்து கண் எரியும். பனியில் கரும்பலகையே மங்கலாகத் தெரியும். இருந்தும் பிள்ளைகள் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்தன. புத்தகத்தைத் தொடவே இல்லை. பழைய தமிழ்ப் பத்திரிகைகளைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். தைல விளம்பரம், ஜோசியம், துணுக்கு. பொங்கல் வந்தபோது பாதிப் பேர் எழுத்துக் கூட்டினார்கள். ரமேஷ் ஒருநாள் தைல விளம்பரத்தைத் தப்பில்லாமல் படித்துவிட்டு, "டீச்சர், இது பாடத்துலயே இல்ல!" என்று கத்தினான். முதலில் அந்த வார்த்தையைக் கேட்டபோது பெரிய டீச்சரிடம் ஓடினேன். இப்போது அதே வார்த்தைக்கு அவனைத் தூக்கிச் சுற்றலாம் போல இருந்தது.

வள்ளி வரவில்லை.

அவளிடம் சொல்லியனுப்பினேன், பதில் இல்லை. ஒரு காலை நேரே அஞ்சலை வேலை செய்யும் பங்களாவின் பின்வாசலுக்குப் போனேன். குழாயடியில் அஞ்சலை பாத்திரம் தேய்க்க, வள்ளி கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

"காலை கிளாஸுக்கு அனுப்புங்க அஞ்சலையம்மா."

"அது சி வாங்குன பிள்ளைங்களுக்குன்னு வள்ளி சொல்லுச்சே?" அவள் சிரித்தாள். பெருமைச் சிரிப்பு. "ஏ வாங்கின பிள்ளைக்கு எதுக்குக் காலை கிளாஸ்? காலையில எனக்கு ஒரு கை வேணும் டீச்சரம்மா. பள்ளிக்கூட நேரத்துக்கு ஜல்தியா அனுப்பிடறேன்ல. ஒரு நாள் தவறுதா?"

தவறவில்லைதான். நான் என்ன சொல்வது? நீங்கள் ஊதிக் காயவைத்தீர்களே அந்த ஏ, அது பொய் என்றா? உள்ளேயிருந்து யாரோ இந்தியில் கூப்பிட, அஞ்சலை எழுந்து போனாள். வள்ளி என்னைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள்: "நான்தான் ஏ ஆச்சே, டீச்சர்." அவள் அதைக் கெஞ்சுகிற மாதிரிச் சொன்னாள்.

வகுப்பு நேரத்தில் முயன்று பார்த்தேன். அதுவும் நடக்கவில்லை. ஞாபகத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. சேர்ந்து சொல்லும்போது முன்னால் நின்று எல்லோரையும் நடத்துகிறவள் அவள்தான். அந்தப் பிள்ளையிடம் 'ம-ழை' என்று எழுதிய துண்டை எல்லோர் எதிரிலும் நீட்டினால், வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வாள். மறுநாள் யாரிடமாவது படிக்கச் சொல்லிக் கேட்டு, அதையும் மனப்பாடம் செய்துகொண்டு வருவாள். நான் எழுதி எழுதி நீட்ட, அவள் ஒப்பித்துக்கொண்டே போனாள்.

வேங்கடேசன் பிப்ரவரியில் மாற்றலாகிப் போனார். ரமேஷ் நாக்பூரில் வாசல் டெஸ்டில் தேறிவிட்டான் என்று அஞ்சலட்டை வந்தது. 'கணக்குக்கு வாய்ப்பாடு நான் சொல்லிக் கொடுத்தது' என்று அடியில் ஒரு குத்தல் வேறு. ஒரே எழுத்துத்தான் இரண்டு வீட்டுக்கும் போனது. எழுத்துக் கூட்டச் சொல்லித்தர அப்பா இருக்கிற வீட்டில் சி மருந்தாக வேலை செய்தது. அந்தப் பையன் நான் இல்லாவிட்டாலும் எப்படியோ கரையேறியிருப்பான். நான் மட்டுமே கதி என்று இருந்த பிள்ளைக்கோ சி போட்டாலும் கதவு அடைகிறது, ஏ போட்டாலும் அடைகிறது. மார்க்கை ஒழித்தோம், ஃபெயிலை ஒழித்தோம் என்று மேடையில் நின்று சந்தோஷப்பட்டேனே, எதை ஒழித்தோம்?

யாரும் ஃபெயில் இல்லை என்பதால் வள்ளி நாலாம் வகுப்புக்குப் போனாள். அங்கும் புத்தகம் தாமதம், அங்கும் ஏ. அந்த டீச்சர் என்னிடம், "உங்க வள்ளி பிரமாதம்" என்றார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "வருஷக் கடைசியில வந்து சொல்றீங்களே" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. தொடக்க வகுப்பு அதோடு முடிவதால் இந்த வருஷக் கடைசியில் நிஜப் பரீட்சை, நிஜ மார்க், முன்பின் பாராத கேள்வித்தாள். அன்றைக்கு எல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும். இத்தனை வருஷம் ஏ வாங்கிய மகளுக்கு ஒன்றுமே தெரியாது என்பதை அஞ்சலை ஒரே தாளில் தெரிந்துகொள்வாள். பங்களாக்களில் கைக்குழந்தைகளுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. இந்த ஜூலையில் பள்ளி திறந்ததிலிருந்து பார்க்கிறேன், வள்ளி சில நாள் வருவதும் இல்லை. தானாகவே கழன்றுகொள்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். புத்தகம் வருகிறவரை பாடத்தைச் சொல்லிக்கொடுங்கள், வேறு வழியில்லை. ஆனால் அன்றன்றைக்கு நாலு சொல்லை இடம் மாற்றி எழுதிப் பாருங்கள். சி போட வேண்டிய இடத்தில் சி போடுங்கள். அதைப் பிள்ளை கையில் மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள். படிக்கத் தெரியாத வீட்டுக்கு நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். வேறு யாராவது அர்த்தம் சொல்வதற்குள் நீங்கள் சொல்லிவிடுங்கள். காலை வகுப்புக்கு 'சி வகுப்பு' என்று பேர் வாங்க விடாதீர்கள். இவ்வளவும் செய்தாலும் பிள்ளை நிற்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

பெரிய டீச்சரிடம் முந்தாநாள் போய், அஞ்சலையிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்னா அம்மா நிறுத்திடுவா. சொல்லாட்டி மார்ச்சுல பொண்ணே நின்னுருவா" என்றார். பிறகு, "முத்திரை வெச்சது நான்தான். நானும் வரேன்" என்று எழுந்து செருப்பைத் தேடினார். இப்போதே இல்லை டீச்சர், ஞாயிற்றுக்கிழமை என்று உட்கார வைத்தேன்.

ஞாயிறு மதியம் அஞ்சலைக்கு வேலை கிடையாது, அவள் வீட்டுக்காரரும் இருப்பார். இரண்டு பேர் முன்னாலும் சொல்ல வேண்டும். ஏ என்று எழுதியது என் கை என்று சொல்ல வேண்டும். பங்களாவுக்கு அனுப்புவதற்கு முன்னால் பரீட்சைவரை அவளுடைய காலை நேரத்தை எனக்குக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். கொடுப்பார்கள் என்று தோன்றவில்லை. ஒருவேளை கொடுத்துவிட்டால் அங்கேயே, அப்போதே ஆரம்பித்துவிட வேண்டும், மனசு மாறுவதற்குள்.

சிலேட்டைத் துடைத்துப் பையில் வைத்தாகிவிட்டது. அதில் முதலில் எழுத, வள்ளிக்கு மனப்பாடமாகத் தெரியாத ஒரு சொல் வேண்டும். இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.